பதின்மூன்றாம் நாள் விட்ட மீன்

செத்த மீனை விற்றுப் பிழைக்கிற மனிதர் உயிர்மீனை வீட்டில் வைத்துச் சீராட்டுகிறார் என்று பண்டாரவளைக் கடைவீதியே வாஹித் முதலாளியைக் கேலி செய்தது. கேலி செய்தவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. கடையில் பார்த்தால் கட்டாக் கருவாடும் நெத்தலியும் கூரைவரை அடுக்கியிருக்கும். வீட்டுக்குப் போனால் முன்கூடத்தில் மூன்று முழ நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அது நிறையக் கடல் தண்ணீர், அதற்குள் ஆறு மீன்கள். கடலுக்கும் பண்டாரவளைக்கும் இடையில் எத்தனை மலை இருக்கிறது என்று தெரிந்தவன் எவனும் இந்த வேலையைச் செய்யமாட்டான். வாஹித் செய்தார்.

தொட்டி முதலில் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் இருந்தது. எழுபத்தைந்தில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டபோது துரை மூட்டை கட்டினார். மேசை நாற்காலியை விற்கலாம், நாயை யாருக்காவது கொடுக்கலாம், கடல்மீனை யார் வாங்குவார்கள்? தோட்டத்துக்கு அரிசியும் கருவாடும் கொடுத்துவந்த வாஹித்தைக் கூப்பிட்டார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை லொறியில் அம்பாந்தோட்டைக்குப் போய்வருகிற ஆள் இந்த மலையில் நீ ஒருவன்தான், உன்னால்தான் இவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவர முடியும் என்று சொல்லி, எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். பங்களாவில் சமையல் வேலை பார்த்த சிங்கராயர் ஒரு வாரம் வாஹித் வீட்டுக்கு வந்துபோய், மீன் வளர்ப்பதையும் மீனுக்கு வைத்தியம் பார்ப்பதையும் சொல்லிக்கொடுத்தார். துரை புத்தகத்தைப் பார்த்துப் படித்துச் சொன்னதெல்லாம் சிங்கராயரின் தலைக்குள் அப்படியே இருந்தது.

ஆறு மீனில் பெரியது ஒன்று. உள்ளங்கை அகலம், கருநீல உடம்பில் மஞ்சள் வரிகள். விடிந்ததும் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக ஒரு சுற்று வரும், தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் துரை தொழிலாளரை எண்ணுகிற மாதிரி. மற்ற மீன்கள் ஒதுங்கி வழிவிடும். அதனால் அதற்குப் பெயரே துரை. அதற்கடுத்து செம்மஞ்சள் ஜோடி ஒன்று, மிச்சம் மூன்றும் விரல் நீள நீலப் பொடிசுகள்.

வாஹித்தின் மனைவி ஹம்ஸியாவுக்கு இந்த மீன்களைக் கண்ணில் காட்டக்கூடாது. கூடமெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டும், துடைத்த நிலம் அடுத்த நாள் வெள்ளை பூத்துக் கிடக்கும், இரவும் பகலும் அந்தக் காற்று மோட்டார் கரகரவென்று அரற்றும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், பிள்ளை இல்லை. பிள்ளையில்லாத ஏக்கத்தில்தான் மீன் வளர்க்கிறார்கள் என்று ஊரில் சொன்னார்கள். ஊருக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும். ஹம்ஸியா அந்த ஏக்கத்தை என்றைக்கோ விழுங்கிவிட்டாள். மீன்கள் அவளுக்குப் பிள்ளைகள் அல்ல, வேண்டாத விருந்தாளிகள். வாஹித் அவற்றைப் பற்றிப் பேசும்போது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே 'ம்' கொட்டுவாள்.

அப்படி 'ம்' கொட்டிக் கேட்டதில் ஒன்று மட்டும் அவள் மனசில் நின்றது. புதுமீன் கொண்டுவந்தால் வாஹித் அதைப் பெரிய தொட்டியில் விடமாட்டார். பக்கத்தில் சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்து, அதில் நாற்பது நாள் தனியே வைத்திருப்பார். "பாக்கச் சுத்தமாத்தான் இருக்கும் ஹம்ஸியா. மேலுக்குள்ள என்ன சீக்கு இருக்கிண்டு யாருக்குத் தெரியும்? நாப்பது நாள் போனாத்தான் நம்ப ஏலும்," என்பார்.

அது எழுபத்தெட்டாம் ஆண்டு, மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பாந்தோட்டையிலிருந்து ஏறிவந்த லொறியைப் பெரகல சந்தியில், நல்லையாவின் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார் வாஹித். புதுமீன் கொண்டுவருகிற நாளெல்லாம் அந்த இடத்தில் இறங்குவார். மீன் நீந்துகிற தண்ணீர்க் கானின் மூடியைத் திறந்து, கையை விட்டுக் கலக்குவார். கலக்கினால்தான் மீனுக்கு மூச்சு. அன்றைக்கும் கலக்கினார். கை தண்ணீருக்குள் இருந்தபடியே சரிந்து விழுந்தார். லொறி ஓட்டிய ஸரூக் அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கான் பெரகலையிலேயே நின்றுவிட்டது. நல்லையாவுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வாஹித் முதலாளி கடைசியாகச் செய்துகொண்டிருந்த வேலை அது என்று தெரியும். பொழுது சாயும்வரை நேரத்துக்கு ஒரு தடவை வந்து கையை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார். ஸரூக் வந்து எடுத்துப் போனபோது மீன் உயிரோடுதான் இருந்தது. வான்நீல உடம்பு, முதுகில் மஞ்சள் பட்டை, ஐந்து நிமிஷம் ஓர் இடத்தில் நிற்காத துடிதுடிப்பு. மையத்து வீட்டுச் சந்தடியிலும் ஸரூக் மறக்கவில்லை. முதலாளி செய்கிறபடியே சின்னத் தொட்டியைக் கழுவி, கடல் தண்ணீர் ஊற்றி, அதில் விட்டான்.

மறுநாள் ஜனாஸா அடக்கத்துக்குப் போனது. ஹம்ஸியா வெள்ளைச் சேலை உடுத்து இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகமாட்டாள், வேற்று ஆணின் முகத்தில் விழிக்கமாட்டாள். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் தடித்த திரை ஒன்று தொங்கியது. ஆண்கள் யாராவது கூடத்துக்கு வந்தால் அவள் திரைக்கு உள்ளே போய்விடவேண்டும். துணைக்கு வாஹித்தின் தங்கை ஜெனீரா வந்து தங்கினாள். நல்லவள்தான். ஆனால் சட்டதிட்டம் என்று வந்தால் பள்ளிவாசல் மௌலவியே அவளிடம் வந்து பாடம் கேட்கவேண்டும். துக்கம் கேட்க வந்த ஒரு மூதாட்டி, தொட்டியில் இருப்பதெல்லாம் ஆண் மீனா பெண் மீனா, இத்தாவில் இருக்கிறவள் பார்க்கலாமா என்று சந்தேகம் கிளப்பினாள். ஜெனீரா அதற்கும் சிரிக்காமல், "மீனுக்கு இத்தா சட்டம் இல்ல பெரியும்மா," என்று தீர்ப்பு வழங்கினாள்.

ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்த முதல் வாரம் எப்படியோ கழிந்தது. வரத்து நின்ற பிறகுதான் ஹம்ஸியாவுக்கு வீடு தெரிந்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கூடத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வெளியே வருவாள். அந்த நேரத்தில்தான் வாஹித் கடையிலிருந்து வந்து மீனுக்குத் தீன் போடுவது வழக்கம். துரை வலது கோடியில் போய் வாசலைப் பார்த்தபடி நிற்கும். ஹம்ஸியா இடது பக்கமாகத் தீனைப் போட்டால் திரும்பிப் பார்க்காது. ஒரு நாள் அல்ல, தினமும். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டில் வாஹித் இன்னும் வருவார் என்று நம்பிக்கொண்டிருக்கிற உயிர் இது ஒன்றுதான். வந்தவர்கள் எல்லோரும் அவர் போனதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார்கள், துரைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த மீன் அவளுக்கு வேண்டியதாகிவிட்டது. இதை மட்டும் சாகவிடக்கூடாது என்று நினைத்தாள். வேறு எதையும் அவள் அப்போது நினைக்கவில்லை, சோற்றைக்கூட.

பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். ஜெனீரா குளித்துக்கொண்டிருந்தாள். ஹம்ஸியா கூடத்துக்கு வந்தாள். சின்னத் தொட்டியில் புதுமீன் கண்ணாடியோடு முகத்தை வைத்து, பெரிய தொட்டிப் பக்கமாகவே முட்டிக்கொண்டிருந்தது. அங்கே போகும், இங்கே வரும், திரும்பவும் முட்டும். வாஹித்தின் கை கடைசியாகத் தொட்ட தண்ணீரில் இருந்தது அது. அவர் கொண்டுவந்து சேர்க்க நினைத்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது, நடுவில் இரண்டு கண்ணாடி.

"எனக்கு இத்தா, சரி," என்று அவள் அதனிடம் சொன்னாள். "ஒனக்கு என்னத்துக்கு?"

நாற்பது நாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். ஆனால் தனியே அடைத்துவைப்பது எப்படி இருக்கும் என்று பதின்மூன்று நாளாக அனுபவித்துவிட்டு, இன்னொரு உயிரை அடைத்து வைத்திருக்க அவளால் ஏலவில்லை. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லையே, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வலையை எடுத்தாள், அள்ளினாள், பெரிய தொட்டியில் விட்டாள். அது அம்புபோலப் பாய்ந்து ஒரு சுற்றுச் சுற்றியது. துரை கம்பீரமாகத் திரும்பி, யாரிவன் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தது. ஹம்ஸியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் ஸரூக் மோட்டார் பார்க்க வந்தான். சின்னத் தொட்டி காலியாக இருப்பதைக் கண்டான். ஆறு மீன் ஏழு ஆகியிருப்பதையும் கண்டான். திரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். முதலாளியம்மா செய்ததைக் கேள்வி கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை. சின்னத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

சரியாக ஆறாம் நாள், துரையின் செட்டையில் ரவை தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. நீலப் பொடிசுகள் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரிந்தன. ஹம்ஸியா குனிந்து ஒவ்வொரு மீனாகப் பார்த்தாள். உடனே ஸரூக்கை ஹல்துமுல்லைக்கு அனுப்பினாள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் சிங்கராயர் வந்து இறங்கினார்.

ஐம்பத்தைந்து வயது, மெலிந்த ஆள், கழுத்தில் மாதா படம் கோத்த கறுப்புக் கயிறு. தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கால் மணி நேரம் பேசாமல் பார்த்தார். திரைக்கு இந்தப் பக்கம் ஹம்ஸியா நின்றாள், அவளுக்குப் பக்கத்தில் ஜெனீரா.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கன் அண்ணே. சொல்லுங்கோ."

"வெள்ளப் புள்ளி விழுந்திருக்குங்கம்மா. இது ரெண்டு வகையில வரும். புது மீனு கொண்டாந்து குடுக்கும். இல்லாட்டிப் போனா, குளிர் தாங்காம மீனு நொந்துபோனா வரும். இந்த நீல மீனு புதுசு போல இருக்கே, இத எப்ப இதுக்குள்ள விட்டீங்க?"

கேள்வி நேரான கேள்வி. பதிலும் நேரான பதில்தான், எட்டு நாளைக்கு முன்னால். ஹம்ஸியா வாயைத் திறந்தாள். பக்கத்தில் ஜெனீராவின் மூச்சுக் கேட்டது. எந்த மீன் எந்தத் தொட்டியில் இருந்தது என்று இதுவரை கவனித்தவள் அல்ல அவள். அண்ணன் நாற்பது நாள் என்று வைத்திருந்த சட்டத்தை அண்ணன் மௌத்தாகிப் பதின்மூன்றாம் நாள் அண்ணன் பெண்சாதி உடைத்தாள் என்று இவள் கேட்கப்போகிறாள். இத்தாவில் இருக்கிறவள் தஸ்பீஹ் மணி உருட்டாமல் மீன் பிடித்து விளையாடினாள் என்று நாளைக்கு நாலு வீட்டில் பேச்சாகும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் தலையில் ஓடியது.

"அன்னைக்கே... ஜனாஸா அன்னைக்கே யாரோ ஊத்திட்டாங்க அண்ணே. வீடு நெறய ஆளு. எனக்குச் சரியாத் தெரியா."

"யாரு ஊத்துனது?" என்று சிங்கராயர் கேட்டார்.

"நான்தான் அண்ணே," என்றான் ஸரூக்.

ஹம்ஸியாவின் கை திரையைப் பிடித்தது. விலக்கவில்லை, பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். முகம் தெரிந்திருந்தால் சிங்கராயர் அங்கேயே கண்டுபிடித்திருப்பார். பங்களாவில் முப்பது வருஷம் முகம் பார்த்தே பிழைத்த மனுஷன் அவர். நடுவில் தொங்கிய துணி அதற்கு விடவில்லை.

சிங்கராயர் விரல்விட்டு எண்ணினார். "அப்படின்னா இருவது நாளாச்சு. புது மீனு கொண்டாந்த சீக்குன்னா பத்து நாளுக்குள்ள காட்டிரும். இது அது இல்லைங்க." எழுந்து தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீரைச் சூடாக வைத்திருக்க உள்ளே மாட்டியிருந்த பல்புகளில் ஒன்று எரிந்துபோயிருந்தது. "இந்தா பாருங்க! மழையும் குளிருமா இருக்கு, பல்பும் போயிருச்சு. தொரைக்குக் குளிர் ஆகாது. அதான் வெசயம்." புதுப் பல்பு மாட்டினார். இரண்டு வாளி பழைய தண்ணீரை எடுத்துப் புதுத் தண்ணீர் விட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு மத்தியான பஸ்ஸில் போய்விட்டார்.

நாலாம் நாள் புள்ளிகள் மறைந்தன. ஒன்றுகூட இல்லை. துரை சுத்தமாக, பளபளவென்று, காலைச் சுற்று வந்தது. ஹம்ஸியா அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி இரண்டு ரக்அத் ஷுக்ரு தொழுதாள். திரைக்குக் கீழால் ஸரூக்கிடம் ஒரு பொட்டலம் தொதல் இனிப்புக் கொடுத்து, சிங்கராயருக்கு அனுப்பச் சொன்னாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஸரூக் திரைக்கு வெளியே தயங்கி நின்றான்.

"முதலாளியம்மா, சிங்கராயர் அண்ணனுக்கிட்ட அந்த நாள் கணக்க மட்டும் ஒரு சொல்லு சொல்லிருவமா?"

"அதான் சுகமாயிட்டே ஸரூக்."

"ஓ, சுகமாயிட்டுத்தான்," என்றான் அவன். போய்விட்டான். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டதற்கு அல்லாஹ்வே சாட்சி சொன்னதுபோல மீன் சுகமாகிவிட்டிருந்தது. பொய் பலித்துவிட்டால் அது பொய் என்றே தோன்றுவதில்லை.

எட்டு நாள் அவள் அந்த நிம்மதியில் இருந்தாள். புதன்கிழமை காலையில் திரையை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துரையின் கருநீலம் தெரியவில்லை. உடம்பு முழுவதும் வெள்ளை. கண்ணில்கூட ஒரு மங்கல். செவுள் படபடவென்று அடித்தது. நீலப் பொடிசுகளில் ஒன்று அடியில் பக்கவாட்டில் கிடந்தது.

வியாழன் விடியற்காலை முதல் பஸ்ஸுக்கே சிங்கராயர் வந்துவிட்டார். இந்தத் தடவை குந்தி உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தார், ஸரூக் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா தம்பி, ஒங்க மொதலாளி ஒனக்கு இதத்தானா சொல்லிக்குடுத்தாரு? பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியுமேடா, புது மீனத் தனியா வைக்கணும்னு! மேல இருக்குற புள்ளி பழுத்துக் கீழ விழும். மீனு சுத்தமாயிரும், நம்மளும் சொகம்னு நெனைச்சுக்குவோம். அது மண்ணுக்குள்ள கெடந்து குட்டி போடும். ஒண்ணு விழுந்த எடத்துல நூறு எந்திரிச்சு வரும். இது குளிரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. அந்த மனுசன் உசிரு போறப்பக்கூட மீனுக்குக் கை வெச்சுக்கிட்டு இருந்தாரு. நீ ஒரு நாப்பது நாளு பொறுக்க மாட்டாம..."

ஸரூக் உண்மையைச் சொல்லமாட்டான் என்று ஹம்ஸியாவுக்குத் தெரியும். இன்னும் ஒரு மணி நேரம் ஏசினாலும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நிற்பான்.

"அவன ஏசாதீங்க அண்ணே," என்றாள் திரைக்கு உள்ளேயிருந்து. "நான்தான் விட்டன். அவன் சரியாத் தனியாத்தான் வெச்சான். பதிமூணாம் நாள் ஜும்ஆ நேரம் நான்தான் எடுத்து உள்ள விட்டன். நீங்க மொத வரக்கொள்ள எட்டு நாளுதான் ஆகியிருந்த. நான் பொய் சொன்னன்."

ஜெனீரா அவளைப் பார்த்தாள். ஹம்ஸியா திரும்பவில்லை.

சிங்கராயர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. தனக்குள் கணக்குப் பார்த்துவிட்டு, மெதுவாக, யாரையும் குத்துகிற எண்ணமே இல்லாமல் சொன்னார்.

"எட்டு நாளுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, அன்னைக்கே எல்லாத்தயும் வெளிய எடுத்திருப்பேம்மா. எல்லாம் பொழைச்சிருக்கும்."

ஹம்ஸியா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஜெனீரா எழுந்து குசினிக்கு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அதன்பிறகு சிங்கராயர் செய்யவேண்டியதையெல்லாம் செய்தார். பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் புதுக் கடல் தண்ணீர் விட்டு மீன்களை அதற்கு மாற்றினார். கண்ணாடித் தொட்டியிலேயே மருந்தைப் போடமுடியாது. அங்கே இருக்கிற கல்லும் மண்ணும் மருந்தைக் குடித்துவிடும், கல்லிடுக்கில் கிடக்கிற பொடி நண்டுகள் செத்துப்போகும். தோட்டத்தில் கொழுந்துக்கு நோய் வந்தால் அடிப்பதற்கு வைத்திருந்த மயில்துத்தத்தில் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அதைப் பாமசி மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்து நிறுத்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, துளித்துளியாக எண்ணி விட்டார். கூடினால் மீன் சாகும், குறைந்தால் பூச்சி சாகாது. ஊருக்குத் திரும்பிப் போகவும் இல்லை. கருவாட்டுக் கடையில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை வந்து பார்த்தார்.

பிளாஸ்டிக் தொட்டியை ஹம்ஸியா தன்னுடைய அறைக்கே கொண்டுவரச் சொன்னாள். சிங்கராயர் வரும்போது அவள் குசினிக்குப் போய்விடுவாள். மற்ற நேரமெல்லாம் அதன் பக்கத்தில்தான் இருந்தாள், சாப்பாடும் தொழுகையும் அங்கேதான். செம்மஞ்சள் ஜோடியில் ஒன்று சனிக்கிழமை போனது, மற்றது அன்றைக்கே பின்னால் போனது. மிச்சமிருந்த நீலப் பொடிசுகள் இரண்டும் திங்கட்கிழமை. புதுமீனுக்கு உடம்பில் நாலைந்து புள்ளி இருந்தது, அதுவும் உதிர்ந்துவிட்டது. நோயைச் சுமந்து வந்தவனுக்கு நோய் பழகியிருந்தது. துரையைச் சுற்றி அது துடிதுடிப்பாகத் திரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் ஹம்ஸியாவுக்கு வெறுப்பு வந்தது. உடனே, அது என்ன செய்தது, அது கேட்டதா என்றும் தோன்றியது.

துரை ஏழு நாள் போராடியது. இரண்டு கண்ணும் பால்போல வெளுத்துவிட்டன. நீந்த முடியாமல் தொட்டியின் ஓரத்தில் சாய்ந்து நின்றது. செவுள் அடிப்பது நின்றுவிட்டதோ என்று ஹம்ஸியா குனிந்து பார்ப்பாள். மறுபடி அடிக்கும். "யா அல்லாஹ், இத மட்டும் விட்டிரு" என்று அவள் கேட்காத நேரம் இல்லை. வாஹித் விழுந்தபோது கேட்பதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை, செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதற்குக் கேட்பதற்கு ஏழு நாள் இருந்தது. கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை, மௌத்தானவருக்காக ஓதுகிற நாற்பதாம் நாள் கத்தம். அன்று காலை, கூடத்தில் பாய் விரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, துரை பக்கவாட்டில் சரிந்தது. ஹம்ஸியா இரண்டு கையாலும் தாங்கி நிமிர்த்தினாள். கையை எடுத்தால் சரிந்தது. திரும்ப நிமிர்த்தினாள். எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஜெனீரா வந்து தோளைத் தொட்டு, "மதினி, அது முடிஞ்சி," என்ற பிறகுதான் கையை எடுத்தாள். வெள்ளைச் சேலையின் முன்பக்கமெல்லாம் நனைந்து மயில்துத்தத்தின் நீலம் ஏறியிருந்தது.

ஸரூக் உள்ளே வரமுடியாது. ஜெனீராதான் ஒரு துணியில் சுற்றி எடுத்துப்போய் அவனிடம் கொடுத்தாள். அவன் கூடத்தின் மூலையில் நின்று முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுத சத்தம் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது. சிங்கராயரும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், விளங்கவில்லை.

அஸருக்குப் பிறகு பெண்கள் வந்து அறையை நிறைத்தார்கள். கூடத்தில் ஆண்கள் ஓதத் தொடங்கினார்கள். அதுவரை ஹம்ஸியா கல்லாக உட்கார்ந்திருந்தாள். நாற்பது நாளாக அவள் நாலு பேர் முன்னால் வாய்விட்டு அழுததில்லை, அதை ஊரே கவனித்திருந்தது. அன்று ஓதல் கேட்டதும் அவளுக்குள் ஏதோ அறுந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அழு மகள், அழு. இப்பயாவது அழுதியே," என்றாள் மீனுக்கு இத்தாச் சட்டம் கேட்ட அந்தப் பெரியும்மா. "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம். நம்மட கையில என்ன இருக்கு?"

"இல்ல பெரியும்மா, நான் செஞ்சது. நான்தான் கொன்னுட்டன். ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த உண்மையச் சொல்லியிருந்தா இருந்திருக்கும்..."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் யாரைப் பற்றிச் சொல்கிறாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "அப்பிடிச் சொல்லப்படாது புள்ள. மௌத்துக்குத் தவணை இருக்கு. நீ என்னத்தச் செய்ய ஏலும்? உன் மேல ஒரு குத்தமும் இல்ல," என்று ஆளுக்கு ஆள் முதுகைத் தடவினார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி அவிழ்ந்த கூந்தலை முடிந்துவிட்டாள்.

அந்த அறையில் உண்மை தெரிந்தவள் ஜெனீரா ஒருத்திதான். ஹம்ஸியா அவளைப் பார்த்தாள். சொல்லு, இவர்களுக்கு நீயாவது சொல்லு என்று கண்ணால் கேட்டாள். ஜெனீராவின் முகத்திலும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் கிட்டே வந்து உட்கார்ந்து, காதோடு, "அவங்க சொல்றத வாங்கிக்கோங்க மதினி. மீனுக்கெண்டு யாரும் தனியா வரமாட்டாங்க," என்றாள்.

ஹம்ஸியா வாங்கிக்கொண்டாள். வாஹித்துக்காக அவர்கள் கொண்டுவந்த ஆறுதல் முழுவதையும், தான் கொன்ற மீனுக்காக, தனக்கு அது சேராது என்று தெரிந்துகொண்டே வாங்கிக்கொண்டாள்.